அச்சுப் பிழையும் அடிபட்ட காசும்

வளைந்த காசு, கீறல் விழுந்த காசு, எழுத்து மழுங்கிய காசு, இவற்றுள் ஏதேனும் ஒன்றைக் காட்டி, "இது நாணயசாலையில் பிழைபட அடிக்கப்பட்ட அபூர்வக் காசு, பெருவிலை பெறும்" என்று சொல்லி விற்போர் பலர். கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை அவர்களிடம் தோற்போரும் பலர். பழங்காசு வாணிபத்திலே தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் பறிப்போரைக் குறித்து, இந்திய ரிசர்வ் பாங்கி 2021ஆம் ஆண்டில் பொதுமக்களை எச்சரிக்க நேர்ந்தது. பிழைக்காசு என்பது கட்டுக்கதையன்று, மெய்யாகவே உண்டு. ஆனால் அதனை விற்பவன் வாய்ச்சொல்லால் துணிதல் கூடாது. காசே சாட்சி சொல்லும்.

காசு அடிக்கும் முறையை அறிந்தால் அச் சாட்சி விளங்கும். கடினமான எஃகு அச்சுக்கள் இரண்டின் நடுவே வெறும் உலோக வில்லை ஒன்றை வைத்து நெருக்குகிறார்கள். அச்சிலே பள்ளமாயிருப்பது காசிலே மேடாய் எழும்புகிறது. ஆகவே அச்சில் ஒரு கீறலோ வெடிப்போ உண்டாயின், அது காசின்மேல் மெல்லிய வரம்பாகத் தோன்றும். பலகார அச்சில் விழுந்த கீறல் மாவின்மேல் கோடாக எழுவதை அடுக்களையிற் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். காசு வெளிவந்தபின் கத்தியோ கல்லோ பட்ட கீறல் பள்ளமாயிருக்கும். அதன் ஓரங்களில் ஒதுக்கப்பட்ட உலோகம் பிசிறாக நிற்கும். மேடு நாணயசாலையினது, பள்ளம் தெருவினது என்று பொதுவாகக் கொள்ளலாம். பொதுவாக என்றோம், ஏனெனில், அச்சுக்கும் வில்லைக்கும் இடையே நூலோ கம்பியோ அகப்பட்டால் நாணயசாலையிலேயே பள்ளம் விழுவதுண்டு. ஆயினும் அங்கே ஓரப் பிசிறு இராது.

இதற்கு அமெரிக்க நாட்டின் மூன்றுகால் எருமைக்காசைவிடச் சிறந்த சான்று நாம் அறியோம். 1913 முதல் 1938 வரை அந்நாட்டில் அடிக்கப்பட்ட 5 சென்ட் நாணயத்தின் ஒரு பக்கத்தில் காட்டெருமையின் உருவம் உண்டு. 1937இல் டென்வர் நாணயசாலையில், இடையே வில்லையில்லாமல் இரு அச்சுக்களும் ஒன்றோடொன்று மோதித் தழும்பேறின. அத் தழும்பைப் போக்கப் பணியாள் ஒருவர் அச்சைத் தேய்த்தார். தழும்போடு எருமையின் முன்னங்கால் ஒன்றும் மறைந்தது! மேற்பார்வையாளர் கண்டு அவ்வச்சைத் தள்ளுவதற்குள், ஆயிரக்கணக்கான காசுகள் மற்றவற்றோடு கலந்துவிட்டன.

அதற்கு விலை ஏறியதும் போலிகள் புறப்பட்டன. நான்கு காலுள்ள சாதாரணக் காசை எடுத்து ஒரு காலை அரத்தால் சீவிவிடுதல் எளிதன்றோ? ஆயினும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். மெய்க்காசில் கால் மறைந்தும் குளம்பு மாத்திரம் தரையில் நிற்கும். கால் இருந்த இடம் குழிவிழாமல் சமமாயிருக்கும். பின்னங்கால் மெலிந்து அரிபட்டாற்போலத் தோன்றும். அன்றியும், வயிற்றிலிருந்து தரைவரை சிறு புள்ளிகள் வரிசையாக மேடிட்டிருக்கும். இப் புள்ளிகளே போலியைக் காட்டிக் கொடுப்பவை. அரம் உலோகத்தை எடுக்கவல்லது; இல்லாத மேட்டை எழுப்பவல்லதன்று.

மற்றொரு காசு 1943ஆம் ஆண்டு ஒரு சென்ட். போர்க்காலத்தில் தோட்டா உறைகளுக்குச் செம்பு வேண்டியிருந்தமையின், அவ்வாண்டு துத்தநாகம் பூசிய எஃகில் அக் காசு அடிக்கப்பட்டது. முந்திய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில எந்திரத்துள் தங்கியிருந்து அவற்றோடு அடிபட்டன. மிகச் சிலவே கிடைத்திருப்பதால் அவை பெருவிலை பெறுகின்றன. எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்போரைக் காந்தம் ஒன்றே காட்டிவிடும். எஃகு ஒட்டிக்கொள்ளும், வெண்கலம் ஒட்டாது. எடையும் சொல்லும்: வெண்கலக் காசு 3.11 கிராம், எஃகுக் காசு சுமார் 2.7 கிராம்.

இவ்விரண்டுக்கும் தப்புவது, 1948இன் வெண்கலக் காசில் 8ஐச் சீவி 3 ஆக்கிய போலி. அங்கே உருப்பெருக்குக் கண்ணாடி வேண்டும். மெய்யான 1943இல் 3இன் வால் மற்ற இலக்கங்களுக்குக் கீழே நீண்டு இறங்கியிருக்கும். சீவிய 8இல் அவ்வால் இராது.