காட்டு மலர்களும் வரலாறும்



வரலாற்றுச் சான்று என்றவுடன் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இடிந்த கோட்டை ஆகியனவே நம் நினைவுக்கு வரும். பூவும் ஒரு சான்றாகுமா? சில நாட்களில் வாடி உதிர்வது பூ. அது நூற்றாண்டுகளின் கதையை எங்ஙனம் சொல்லும்? சொல்லும் என்பதற்கு இங்கிலாந்து நாட்டுக் காடுகள் தக்க எடுத்துக்காட்டாக விளங்குகின்றன.

குளிர்காலத்தில் இலையின்றி நின்ற மரங்கள் அந்நாட்டில் ஏப்பிரல், மே மாதங்களில் தளிர்க்கின்றன. தளிர் விரிந்து கிளைகள் மூடிக்கொண்டால் நிலத்தில் வெயில் விழாது. ஆதலின், நிலத்தோடு வாழும் சிறு செடிகள் மரங்களை முந்திக்கொண்டு பூத்துவிடுகின்றன. முதலில் வெண்ணிற அனிமனி. கிழக்கு மாவட்டங்களிற் சில காடுகளில் அதனைத் தொடர்ந்து வெளிர்மஞ்சள் நிற ஒக்ஸ்லிப். பின்னர் புளூபெல் எனப்படும் நீலமணிப் பூ. நீலமணி பூத்த காட்டினுள் நடப்போருக்கு மரங்களினிடையே நீர் தேங்கி நிற்பது போலத் தோன்றும். இளவேனிற் காலத்தில் குடும்பத்தோடு காட்டுவழி உலாவி இக்காட்சியைக் கண்டு மகிழ்வது அந்நாட்டு மக்களின் வழக்கம்.

இவ்வழகு எல்லாக் காடுகளுக்கும் வாய்ப்பதில்லை. நீலமணி விதை முளைத்துப் பூப்பதற்கு ஐந்து ஆண்டுகளேனும் செல்லும். அனிமனியோ நிலத்தடித் தண்டினால் மிக மெல்லப் பரவுவது. இன்று நட்ட மரம் ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்து நிற்கும். இச்செடிகள் அக்காட்டிற்கு வந்து சேர அதனினும் நெடுங்காலம் வேண்டும். இதனை நன்குணர்ந்த ஜோர்ஜ் பீற்றர்கன் என்னும் அறிஞர், லிங்கன்சயர்க் காடுகளை ஆராய்ந்து, பழங்காடுகளைக் காட்டும் செடிகள் இவையென 1974இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். 1600ஆம் ஆண்டு முதல் இடையறாது நிலைத்த காடுகளையே அங்குப் பழங்காடு என்பர். ஒரு மலரை மட்டும் கண்டு முடிவு கூறல் ஆகாது. பல செடிகள் ஒருங்கே காணப்படின் ஐயம் குறையும். வரலாற்றாசிரியர் பல ஆவணங்களை ஒப்புநோக்குதல் போன்றதே இம்முறை.

கேம்பிரிட்ஜ் நகருக்கு மேற்கேயுள்ள ஹெய்லிக் காட்டினை எடுத்துக்கொள்வோம். 1251இல் ஈலி மேற்றிராணியாரின் நிலங்களை அளந்து எழுதிய ஏட்டில், இக்காடு எண்பது ஏக்கர் எனக் குறிக்கப்பட்டுள்ளது. அக்காட்டில் இன்றும் ஒக்ஸ்லிப் பூக்கின்றது. ஏடும் பூவும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும் இவ்விடத்தை நுணுகி ஆராய்ந்த ஒலிவர் றக்கம், 1975இல் இக்காட்டின் வரலாற்றை ஒரு நூலாகவே எழுதினார்.

அவர் போன்றோர் ஆராய்ந்து கண்ட உண்மை நம்மை வியக்கச் செய்வது. மனிதன் கைபடாமையால் இம்மலர்கள் நிலைத்தன என்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. வேலியிலுள்ள பூவரசையும் கிளுவையையும் குழைக்கு வெட்ட, அவை மீண்டும் தளிர்ப்பதை நாம் அறிவோம். அவ்வாறே அந்நாட்டுக் குடியானவரும் ஹேசல், ஆஷ் முதலிய மரங்களை நிலமட்டத்தில் வெட்டி, அடிக்கட்டையினின்று கிளைக்க விட்டனர். விறகும், சுவருக்கு வரிச்சும், பட்டிக்குப் படலும், கருவிகளுக்குப் பிடியும் இங்ஙனம் கிடைத்தன. காட்டை முழுவதும் வெட்டாது, ஆண்டுக்கொரு பகுதியாக முறைவைத்து வெட்டினர். வெட்டிய பகுதியில் வெயில் விழ, அடுத்த இரண்டு மூன்று இளவேனில்களில் மலர்கள் நிலத்தை நிறைத்தன. மீண்டும் நிழல் கவிய அடங்கி, அடுத்த வெட்டுக்காகக் காத்திருந்தன. ஏழை விறகுவெட்டியின் கோடரியே அம்மலர்களுக்கு ஒளி கொடுத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் புகைவண்டிகள் நிலக்கரியை ஊர்தோறும் கொண்டு சேர்த்தபோது விறகின் தேவை குன்றியது; முறைவெட்டும் படிப்படியாகக் கைவிடப்பட்டது. காடுகள் இருண்டன. அதனினும் பெருங்கேடு பின்னரே வந்தது. முதலாம் உலகப் போரின்போது மரப்பஞ்சத்தை உணர்ந்த அரசாங்கம் 1919இல் வன ஆணைக்குழுவை நிறுவியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், விரைவில் பயன்தரும் ஊசியிலை மரங்கள் பழங்காடுகள் பலவற்றிலும் நடப்பட்டன. ஆண்டு முழுவதும் இலை கொண்ட அம்மரங்களின் கீழ் இளவேனில் வெயில் புகவில்லை. மரம் நட்டோம் என்று மகிழ்ந்தபோதே காட்டின் பழமை அழிந்துகொண்டிருந்தது. 1985இல்தான் அகன்ற இலைக் காடுகளைக் காக்கும் கொள்கை வகுக்கப்பட்டது.

ஹெய்லிக் காட்டினை அம்மாவட்ட இயற்கை ஆர்வலர் சங்கம் 1962இல் விலைக்கு வாங்கி, பழைய முறைவெட்டை மீண்டும் தொடங்கிற்று. ஒக்ஸ்லிப் மீண்டும் செழித்தது. மான்கள் அதனை மேய்ந்து குறைத்தபோது வேலியும் அமைக்கவேண்டியதாயிற்று. சட்டமும் துணைவந்தது. நில உரிமையாளரின் இசைவின்றிக் காட்டுச் செடிகளை வேரோடு பிடுங்குதலை 1981ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. காட்டிலிருந்து நீலமணிக் கிழங்குகளைத் தோண்டி விற்போர் இருந்தமையால், 1998இல் அவ்வாணிகமும் தடைசெய்யப்பட்டது.

நீலமணிக்கு 1753இல் இலத்தீன் பெயரிட்ட லின்னேயஸ், 'எழுதப்படாதது' எனப் பொருள்படும் அடைமொழியை அதற்குச் சூட்டினார். கிரேக்கப் புராணம் கூறும் மலரின் இதழ்களில் துயரத்தைக் குறிக்கும் எழுத்துக்கள் உண்டு. இம்மலரில் அவை இல்லை என்பதே காரணம். எழுத்தில்லாத அம்மலரிலும் படிக்கத்தக்க செய்தி உண்டு என்பதைப் பின்வந்தோர் கண்டனர்.

ஆதலின் நேயர்களே, காட்டு மலரைக் கண்டு மகிழ்வோர் அதனைப் பறியாமலும் மிதியாமலும் வருதல் நன்று. அதனோடு நின்றுவிடுதல் போதாது. அது எவருடைய உழைப்பினால் ஒளி பெற்றது, எவருடைய அவசரத்தினால் ஒளி இழந்தது என்பதையும் அறிதல் வேண்டும். புதிய காட்டை ஒரு தலைமுறையில் வளர்த்துவிடலாம். பழைய காட்டை எத்தலைமுறையும் புதிதாக ஆக்க இயலாது.