உயிரின் சில்லறை

பள்ளிக்கூடத்து விஞ்ஞானப் புத்தகத்தில், ‘உயிரணுவின் சக்தி நாணயம் ஏ.டி.பி.’ என்று ஒரு வரி வரும். பிள்ளைகள் அதை நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். கதை எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கோ, அந்த மூன்றெழுத்துக்குப் பின்னால் நிற்கும் ஒரு மனிதரை மறக்க முடியவில்லை.

முதலில் அந்த நாணயம் இன்னதென்று பார்த்துவிடுவோம். வீட்டுக் குதிரில் பத்து மூட்டை நெல் இருக்கலாம். அதற்காகப் பஸ் கண்டக்டரிடம் ஒரு படி நெல்லை அளந்து கொடுத்து டிக்கெட் கேட்க முடியுமா? நெல்லை விற்றுச் சில்லறையாக்கிக்கொண்டுதான் வண்டி ஏற வேண்டும். நாம் உண்ணும் சோறும் பருப்பும் எண்ணெயும் நெல் மூட்டைகள். கை அசைவதற்கோ நெஞ்சு துடிப்பதற்கோ அவை நேராக உதவுவதில்லை. உயிரணுவுக்குள்ளே மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. நாம் இழுக்கும் மூச்சிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு, உணவின் சத்தைப் படிப்படியாக எரித்து, அதன் சக்தியில் ஒரு பகுதியை ஏ.டி.பி.யாக மாற்றித் தருபவை அவையே. அடினோசின் டிரைபாஸ்பேட் என்பது அதன் முழுப் பெயர். மூன்று பாஸ்பேட்டுகளை வால் போலக் கோத்துக்கொண்டிருக்கும் மூலக்கூறு அது. கடைசிப் பாஸ்பேட் கழலும்போது வேலைக்கு வேண்டிய சக்தி கிடைக்கிறது. கழன்றதை மறுபடி கோத்துவிட்டால் மறுபடியும் செலவுக்குத் தயார்.

இதில் ஒரு வியப்பு என்னவென்றால், உடம்பு இந்தச் சில்லறையைச் சேர்த்து வைப்பதே இல்லை. எந்த நேரத்திலும் நம்மிடம் இருப்பது கால் கிலோவுக்கும் குறைவு. ஆனால் கோத்தும் கழற்றியும் ஒரு நாளில் செலவாவதைக் கூட்டினால், ஏறக்குறைய நம் உடல் எடைக்கு வந்துவிடும்! மூச்சு நின்ற சில நிமிஷங்களில் உயிர் போய்விடுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா? குதிரில் நெல் இருக்கிறது. கையில் காசு இல்லை.

இந்தப் பொருளைக் கண்டவர்களில் ஒருவர் நம் சென்னையில் படித்தவர். எல்லாப்பிரகட சுப்பாராவ் என்று பெயர். 1895-இல், அன்று சென்னை ராஜதானியில் இருந்த பீமவரத்தில் பிறந்த ஆந்திரர். ஸ்ப்ரூ என்னும் கொடிய வயிற்றுப்போக்கு நோய்க்கு இரண்டு சகோதரர்களை அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தினார். சத்திர சிகிச்சை கற்பித்த வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கைநழுவியது, அதற்குக் கீழ்ப்பட்ட எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் சிறிது காலம் உடற்கூறு கற்பித்தார். பிறகு மாமனாரின் உதவியோடும் ஒரு தர்ம ஸ்தாபனத்தின் உதவியோடும், இளம் மனைவியை ஊரில் விட்டுவிட்டு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாஸ்டன் நகரில் வயிற்றுப்பாட்டுக்காக, ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களைச் சுத்தம் செய்யும் வேலையும் பார்த்தார்.

ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து, உடலின் திரவங்களில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை ஒன்றை 1925-இல் வெளியிட்டார். சோதனைக் குழாயில் நீல நிறம் தோன்றும். நிறத்தின் ஆழமே அளவு. தசையிலிருந்து எடுத்த சாற்றைச் சோதித்தபோது மட்டும் நீலம் உடனே முழுமை பெறவில்லை. நேரம் ஆக ஆக ஆழ்ந்துகொண்டே போயிற்று. வேறொருவர் சோதனையில் பிழை என்று குழாயைக் கழுவி வைத்திருப்பார். பாஸ்பேட்டை இறுகப் பிடித்து வைத்திருந்து மெல்ல விடும் பொருள் ஏதோ தசையில் இருக்கிறது என்று இவர்கள் ஊகித்தார்கள். அதுவே 1927-இல் அறிவித்த பாஸ்போகிரியேட்டின். தசை உழைத்தால் அது குறைகிறது; ஓய்ந்தால் மறுபடி உண்டாகிறது.

தசையின் இயக்கத்துக்கு மூலம் லாக்டிக் அமிலமே என்று பெரியவர்கள் நம்பியிருந்த காலம் அது. தசை ஆராய்ச்சிக்காக ஹில், மேயர்ஹாப் என்ற இருவருக்கும் 1922-ஆம் ஆண்டின் நோபல் பரிசே கிடைத்திருந்தது. அந்த நம்பிக்கை இப்போது ஆட்டம் கண்டது. 1929-இல் ஏ.டி.பி. வெளிப்பட்டது. ஜெர்மனியில் அந்த மேயர்ஹாபின் கூடத்திலேயே வேலை செய்த கார்ல் லோமன் தனியாகவும், ஃபிஸ்கேயும் சுப்பாராவும் ஹார்வர்டிலுமாக, ஒரே ஆண்டில் கண்டார்கள்.

ஆயினும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-இல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போய் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். அங்கே அவருடைய குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினார்கள். அவருடைய சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. 1947-இல் யானைக்கால் நோய்க்கான மருந்தும் அங்கிருந்துதான் வந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் ஊர் ஊராக வழங்கிய மாத்திரை அதுவே. 1948-இல், ஐம்பத்து மூன்றாம் வயதில், சுப்பாராவ் காலமானார்.

ஏ.டி.பி. உண்டாகும் விதத்தை விளக்கியவர்களுக்கு 1978-லும் 1997-லும் நோபல் பரிசுகள் கிடைத்தன. சுப்பாராவுக்கு அவர் பிறந்த நூற்றாண்டான 1995-இல் நம் அரசாங்கம் ஒரு தபால்தலை வெளியிட்டது. புகழ் கிடைக்காததைப் பற்றி அவர் பெரிதும் வருந்தியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. என் மனம் போவது வேறிடத்துக்கு. கப்பலேறியவர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. அவரை வழியனுப்பிய அந்த இளம் மனைவி பிறகு கணவரைப் பார்க்கவே இல்லை. உயிரணு தான் செலவழித்ததை அடுத்த நொடியே மறுபடி கோத்துக்கொள்கிறது. அந்த அம்மாள் செலவழித்த வருஷங்களை எந்த விஞ்ஞானியாலும் கோத்துத் தர முடியவில்லை.