கடலூர் நிலக்கிழார், சென்னை மாகாணத்தின் முதல் முதலமைச்சர்

அகரம் சுப்பராயலு ரெட்டியார் 1855 அக்டோபர் 15-இல் பிறந்தவர். தென்னாற்காட்டின் பெரிய நிலக்கிழார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபின் கடல் கடந்து இங்கிலாந்தில் சட்டமும் பயின்றார். காங்கிரசில் தொடங்கி நீதிக்கட்சிக்கு வந்தார்.

1912 முதல் கடலூர் தாலுகா போர்டுக்கு அவர் தலைவராக இருந்தார். மண் சாலை, ஆரம்பப் பள்ளி, மருந்தகம், சத்திரம் எல்லாம் போர்டின் பொறுப்பு. சாலையோரப் புளியமரங்களின் மகசூலை ஏலம் விட்டு வரும் காசுகூட போர்டுகளின் வரவுக் கணக்கில் ஏறிய காலம் அது. மேடைப் பேச்சைவிட இந்தக் கணக்கு வழக்கே நல்ல அரசியல் பயிற்சி.

1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், சில துறைகளை அமைச்சர்களுக்கும் மற்றவற்றை ஆளுநருக்கும் பிரித்துக் கொடுத்த இரட்டை ஆட்சியை மாகாணங்களில் கொண்டுவந்தது. சுமார் 4 கோடி மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் ஓட்டுரிமை பெற்றவர்கள் 12 லட்சத்துக்குச் சற்று மேல்தான். நிலமோ சொத்தோ வரியோ இருந்தால்தான் ஓட்டு. ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கிய காங்கிரஸ் 1920 நவம்பர் சட்டசபைத் தேர்தலைப் புறக்கணித்தது. தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் நீதிக்கட்சி 63-ஐப் பிடித்தது. ஆளுநர் வில்லிங்டன் முதலில் அழைத்தது நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரை. அவர் மறுத்துவிடவே, டிசம்பர் 17-இல் ரெட்டியார் முதலமைச்சரானார். பனகல் அரசரும் கே.வி. ரெட்டி நாயுடுவும் உடன் பதவியேற்றனர்.

கல்வி, கலால் போன்ற துறைகள் ரெட்டியாரிடம் வந்தன. நிதி, போலீஸ், நிலவரி, பாசனம் ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே தங்கிவிட்டன. தென்னாற்காட்டின் சிதம்பரம் வட்டாரத்து வயல்கள் கீழணைத் தண்ணீரையும் வீராணம் ஏரியையும் நம்பியிருந்தவை. அந்த மாவட்டத்து நிலக்கிழார் முதலமைச்சராகியும் பாசனத்திலோ நிலவரியிலோ கைவைக்க அவருக்கு அதிகாரமில்லை. பள்ளிக்கூடம் திறக்கலாம், அதற்கான பணத்துக்கு நிர்வாகக் குழுவின் நிதி உறுப்பினரின் தயவு வேண்டும். பதவியின் பெயர் பெரிது, பிடி சிறிது.

ஆனாலும் அந்தச் சட்டசபை ஒரு பெரிய காரியம் செய்தது. 1921 ஏப்ரல் 1-இல் பெண்களுக்கு ஓட்டுரிமை வழங்கும் தீர்மானம் நிறைவேறியது. இந்திய மாகாணங்களில் இதில் சென்னையே முந்தியது. சொத்துத் தகுதி பெண்களுக்கும் பொருந்தியதால் பலனடைந்தவர்கள் சிலரே.

உடல்நலம் குன்றி 1921 ஜூலை 11-இல் ரெட்டியார் பதவி விலகினார். ஏழு மாதம்கூட நிறையவில்லை. பனகல் அரசர் முதலமைச்சரானார். கல்வித் துறை ஏ.பி. பாத்ரோவிடம் சென்றது. அதே ஆண்டு நவம்பரில் ரெட்டியார் காலமானார்.