மலிவுக் கட்டணப் பயணியும் அட்லாண்டிக் பெருங்கப்பல்களும்

வட அட்லாண்டிக்கில் ஓடிய பெரும் பயணிக் கப்பல்களின் காலத்தை ஜெட் விமானம் முடித்துவைத்தது என்பதே நாம் வழக்கமாகப் படிக்கும் வரலாறு. 1958 அக்டோபரில் காமெட் 4 விமானம் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பறக்கத் தொடங்கியது. அதே மாதம் போயிங் 707 வந்தது. 1967இல் குயின் மேரி ஓய்வு பெற்றது. கோர்வையான கதைதான். ஆனால் இந்தக் கப்பல்களுக்குப் படியளந்தவர் யார் என்று அது கேட்பதில்லை. பளிங்குப் படிக்கட்டுகளும் முதல் வகுப்பு விருந்துக்கூடங்களும் நம் கண்ணை நிறைத்துவிடுவதால், கீழ்த்தளத்தில் வரிசைக் கட்டில்களில் படுத்து வந்த குடியேறிகளின் பணம் மறைந்துபோகிறது. அவர்கள் பெருகியபோது இத்தொழில் வளர்ந்தது. அவர்களும் பின்னர் அவர்கள் இடத்துக்கு வந்தவர்களும் விலகிய ஒவ்வொரு முறையும் அது ஆட்டம் கண்டது என்பது என் வாதம்.

1840இல் கியூனார்டு நிறுவனம் பிரிட்டானியா கப்பலை லிவர்பூலிலிருந்து அனுப்பியபோது அது நம்பியிருந்தது அரசின் தபால் ஒப்பந்தத்தை. அடுத்த பத்தாண்டில் வில்லியம் இன்மன், சிட்டி ஆஃப் கிளாஸ்கோ என்ற இரும்புக் கப்பலை வாங்கி, பாய்மரக் கப்பல்களில் அல்லாடிய ஏழைக் குடியேறிகளை நீராவிக் கப்பலுக்கு இழுத்தார். 1892இல் ஐரோப்பியக் கண்டத்து நிறுவனங்கள் போட்டியைக் கட்டுப்படுத்தக் கூட்டு ஒப்பந்தம் போட்டபோது பங்கு பிரித்துக்கொண்டது கீழ்த்தளப் பயணிகளைத்தான். நிறுவனங்கள் எதைத் தங்கள் முதலாகக் கருதின என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. துறைமுகங்களும் அதே கணக்கில் உருவாயின. ஹாம்பர்க்கின் ஃபெடல் பகுதியில் 1901இல் குடியேறிகளுக்கென்றே தங்கும் கூடங்கள் திறக்கப்பட்டன. நியூயார்க்கில் முதல் இரு வகுப்பினரைக் கப்பலிலேயே சோதித்து அனுப்பிவிடுவார்கள். மூன்றாம் வகுப்பினர் மட்டும் படகேறி எல்லிஸ் தீவுக்குப் போக வேண்டும். லூசிடேனியா, மாரிடேனியா கப்பல்களுக்கு பிரிட்டிஷ் அரசு 26 லட்சம் பவுண்டு கடனும் ஆண்டு மானியமும் கொடுத்ததே என்று கேட்கலாம். கொடுத்தது. அது போர்க்காலத்தில் பயன்படக்கூடிய வேகத்துக்குக் கொடுத்த விலை. அப்படிப்பட்ட லூசிடேனியாவிலும் ஆயிரத்துக்கும் அதிகமான மூன்றாம் வகுப்பு இடங்கள் இருந்தன.

முதல் அடி 1921இல் விழுந்தது. அமெரிக்கா அந்த ஆண்டு ஒவ்வொரு நாட்டுக்கும் குடியேற்ற ஒதுக்கீடு விதித்தது. ஆண்டு ஒதுக்கீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே மாதத்தில் அனுமதி கிடையாது. ஆகவே மாதத்தின் கடைசி இரவில் கப்பல்கள் நியூயார்க் துறைமுக வாயிலுக்கு வெளியே காத்து நின்று, மணி பன்னிரண்டு அடித்ததும் எல்லைக் கோட்டைத் தாண்டப் பாய்ந்தன. சற்று முந்தினால் தீர்ந்துபோன பழைய மாதக் கணக்கில் சிக்கலாம். பிந்தினால் புதிய ஒதுக்கீட்டை மற்றவர்கள் காலி செய்திருக்கலாம். அனுமதி கிடைக்காதவர்களைத் தன் செலவில் திருப்பிக் கொண்டுபோக வேண்டிய பொறுப்பும் நிறுவனத்துடையதே. 1924 சட்டம் ஆண்டு ஒதுக்கீட்டைச் சுமார் 1,65,000 ஆகச் சுருக்கியது. காலியான கீழ்த்தளத்தை நிறுவனங்கள் வெள்ளையடித்து, அறைகளாகத் தடுத்து, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ‘டூரிஸ்ட் மூன்றாம் வகுப்பு’ என்று விற்றன. சாமர்த்தியமான வேலை! உல்லாசப் பயணமும் இதே வெற்றிடத்தை நிரப்பவே பெருகியது. அதன் முன்னோடி ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் ஆளின்றி நின்ற அகுஸ்தா விக்டோரியா கப்பலை 1891 ஜனவரியில் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பியவர் அவர்.

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு 1950களிலிருந்து வருகிறது. குடியேறிகளின் வெள்ளம் வடிந்து ஒரு தலைமுறை கழிந்த 1957இலும் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்தார்கள். அப்படியானால் கப்பலைக் கொன்றது ஜெட்தானே? இங்கே 1958இன் ஏப்ரலையும் அக்டோபரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1939 முதலே பான் அமெரிக்கன் விமானம் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தது. அவசரக்காரர்களும் வசதியானவர்களும் போருக்குப் பின் படிப்படியாக அங்கே போய்விட்டார்கள். அப்போதும் டூரிஸ்ட் வகுப்பு கப்பலை நிரப்பியது. 1958 ஏப்ரலில், ஜெட் வருவதற்கு ஆறு மாதம் முன்பே, விமானங்களில் எகானமி வகுப்பு வந்தது. கப்பலிடம் மிச்சமிருந்த கடைசி வாடிக்கையாளரை அந்தக் கட்டணம் குறிவைத்தது. வேகத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஒரே ஆண்டில் வந்த இரண்டையும் முற்றாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னை–சிங்கப்பூர் தடம் இருக்கிறது. ஜெட் யுகம் நன்றாக வேரூன்றிய பின்பும், விமானக் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களை நம்பி ரஜூலா கப்பலும் அடுத்து எம்.வி. சிதம்பரமும் அங்கே ஓடின. 1985இல் தீ விபத்துக்குள்ளாகும்வரை சிதம்பரம் ஓடியது.

அட்லாண்டிக்கில் எஞ்சிய கப்பல்கள் வேறு தொழிலுக்கு மாறின. 1962இல் ஓடத் தொடங்கி 1974இல் நிறுத்தப்பட்ட பிரான்ஸ் என்ற கப்பலை நார்வேக்காரர் குனுட் குளோஸ்டர் 1979இல் வாங்கி, நார்வே என்று பெயர் மாற்றி, அடுத்த ஆண்டு மியாமியிலிருந்து கரீபியனுக்கு விட்டார். இரு வகுப்புப் பிரிவு எடுக்கப்பட்டது. முன்பக்க எஞ்சின் அறை மூடப்பட்டு, நான்கு சுழலிகளில் இரண்டு கழற்றப்பட்டன. வேகத்துக்காக எரிபொருளை வாரியிறைக்க இப்போது காரணமில்லை. அதன் ஆழம் தீவுத் துறைமுகங்களுக்குப் பொருந்தாததால், பயணிகளைக் கரைசேர்க்க இரண்டு பெரிய படகுகளைத் தன் மேல்தளத்திலேயே அது சுமந்து திரிந்தது.