ஆழத்தின் பெயர்

கடலாழத்தை எதிரொலியால் அளக்கும் கருவியை ஆங்கிலத்தார் ‘எக்கோ சவுண்டர்’ என்பர். இதன் பின்சொல் ஒலியைக் குறிப்பதன்று. கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி நீராழம் பார்த்த காலத்தது அது. ‘சோந்தே’ என்னும் பிரெஞ்சு வினைவழி வந்தது. ஒலியைச் சுட்டும் ‘சவுண்ட்’ இலத்தீன் ‘சோனுஸ்’ வழியது. இரண்டும் உருவொத்த வேறு சொற்கள்.

1912இல் டைட்டானிக் மூழ்கியபின், பனிப்பாறைகளை ஒலியால் அறிய முனைந்த செருமானியர் அலெக்சாண்டர் பேம், கடலாழம் அளக்கும் வழி கண்டு 1913இல் காப்புரிமை பெற்றார். அவர் மொழியில் கருவியின் பெயர் ‘எக்கோலோட்’. ‘லோட்’ என்பது ஈயக்குண்டே.

கயிற்றின் பணியை ஒலி ஏற்றது. கயிற்றுக்காலப் பெயரோ நீங்கவில்லை. எவரும் புனையாத சிலேடை ஒன்று ஆங்கிலத்தில் இவ்வாறு அமைந்தது. கலைச்சொல் ஆக்குவோர் அதில் ஒலியை மட்டும் கேட்பின், ஆழத்தை இழப்பர். ‘எதிரொலி ஆழமானி’ என்னும் தமிழ்ப்பெயர் இரண்டையும் காக்கிறது.