சதுரங்கப்பட்டினத்தில் சில பெயர்கள்

மாமல்லபுரத்தோடு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான். நாவலூருக்கு மாற்றலாகி வந்த நான்கு வருஷங்களில் பல்லவச் சிற்பங்களைப் பார்க்க ஆறேழு தடவை போயிருக்கிறேன். அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் இருக்கும் சதுரங்கப்பட்டினத்துக்குப் போனது போன மாதம்தான், ஒரு வங்கி விடுமுறையன்று.

கோட்டை என்பது பெருமைக்குச் சொல்வது. கடலைப் பார்த்த செங்கல் சுவர், வாசலில் பீரங்கி, உள்ளே கிடங்குகளின் மிச்சம். உண்மையில் இது ஒரு துணிக்கடை. சம்புவராயர் காலத்தில் ராஜநாராயணன் பட்டினம் என்று பெயர் பெற்றிருந்த இந்த ஊருக்கு, 17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது இங்கே நெய்த மெல்லிய துணிக்காக. 1781இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1782 பிப்ரவரி 17இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலேய ஹியூஸும் கடலில் மோதிக்கொண்ட சண்டைக்கு இவ்வூரின் பெயரை வைத்தார்கள். டச்சுக் கப்பல் ஒன்றுகூட அதில் இல்லை. 1824 ஒப்பந்தத்தோடு டச்சுக் கதை முடிந்தது.

நான் அதிக நேரம் நின்றது கோட்டைக்குள் இருக்கும் இடுகாட்டில். கம்பெனிக்காரர்கள், அவர்களுடைய மனைவிமார், குழந்தைகள். கல்லில் நெருக்கமாக வெட்டிய டச்சு எழுத்துக்கள். இந்த மாதிரிக் கற்பலகைகளைச் சோழமண்டலக் கரையிலேயே செதுக்கி, பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கப்பலேற்றினார்கள். அங்கே செத்தவனுக்கு இங்கே கல். செதுக்கியவருக்கு அந்த பாஷை தெரிந்திருக்க நியாயமில்லை. யாரோ காகிதத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவருக்கு அது வார்த்தை அல்ல. வளைவு, கோடு, ஆழம். அர்த்தம் முழுக்க வடிந்துபோன ரூபம்.

இதைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. பி.ஏ.யில் ஆங்கிலம் படித்தவன் நான். பார்த்திராத பனியையும் நடந்திராத தெருக்களையும் பற்றிய கவிதைகளை அளவுகோலாக வைத்துக்கொண்டு, தமிழ்க் கவிதை ஒவ்வொன்றாக எடுத்து அது எத்தனை அங்குலம் குறைகிறது என்று பத்து வருஷமாக எழுதி வந்திருக்கிறேன். நானும் யாரோ கொடுத்த காகிதத்தைப் பார்த்து வெட்டியவன்தான். ஒரு வித்தியாசம், அந்தக் கல்தச்சருக்கு உளி பிசகவில்லை.

டிரான்சில்வேனியாவில் சிபியூ என்று ஒரு பழைய வணிக நகரம். ஜெர்மானியக் குடியேறிகள் கட்டியது. அதன் மதிலில் மிஞ்சி நிற்கும் கோபுரங்களில் ஒன்றுக்குத் தச்சர் கோபுரம், இன்னொன்றுக்குக் குயவர் கோபுரம் என்று பெயர். அந்தந்தத் தொழில் செய்தவர்கள் காவல் காத்த கோபுரங்கள். அந்த மதில் உழைத்தவர்களை உள்ளே வைத்துக் காத்தது. சதுரங்கப்பட்டினத்து மதில் நெய்தவனுக்காக எழும்பியதல்ல, நெய்த துணிக்காக. இடுகாட்டுக் கற்களிலும் நெசவுக்காரன் பெயர் இல்லை, கல்தச்சன் பெயர் இல்லை. கேரளத்திலும் இலங்கையிலும் உள்ள டச்சுக் கோட்டைகளைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் சுவரின் கனத்தை மட்டுமே வியக்கிறார்கள்.

திரும்பும் வழியில் பூஞ்சேரியில் இறங்கினேன். மாமல்லபுரத்துக்கு அருகிலேயே இருந்தும் சுற்றுலாக்காரர்கள் எட்டிப் பார்க்காத இடம். அங்கே ஒரு பாறையில், பல்லவர் கால எழுத்தில், பெயர்கள் மட்டும் வெட்டியிருக்கின்றன. ராஜா பெயர் அல்ல, தானம் கொடுத்தவர் பெயர் அல்ல. மாமல்லபுரத்தில் வேலை செய்த தச்சர்கள் தங்கள் பெயரைத் தாங்களே வெட்டிக்கொண்டது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். யார் அனுமதித்தார்கள், யாரிடம் கேட்டார்கள்? கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்க விருப்பமாக இருக்கிறது.

புத்தகத்திலிருந்து எழுதி எடுத்துப் போயிருந்த வாசகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். கேவாத பெருந்தச்சன். கொல்லன் சேமகன். மூன்றாவது பெயரில் விரலை வைத்திருந்தபோது வெளிச்சம் போய்விட்டது.