கோவைகளும் குடிகளும்: கிழக்கு ஜேர்மன் இரகசியப் பொலிஸ் ஆவணங்கள் பற்றிய ஒரு நோக்கு

அரசொன்று தன் குடிகளைப் பற்றித் திரட்டிய ஆவணங்கள் யாருக்கு உரியவை? அவற்றை அறியும் பொதுமக்களின் உரிமை எதுவரை செல்லலாம்? தனிமனிதரின் அந்தரங்கம் எவ்விடத்தில் அதற்கு எல்லையாகின்றது? சட்ட அறிஞரும் சுவடிக்கூடப் பொறுப்பாளரும் நெடுங்காலமாக ஆராய்ந்து வரும் இவ்வினாக்களுக்கு, 1989ஆம் ஆண்டின் பின்னர் ஜேர்மனி மிகக் குறுகிய காலத்துள் விடைகாண வேண்டியதாயிற்று.

ஜேர்மன் சனநாயகக் குடியரசு எனப்பட்ட கிழக்கு ஜேர்மனியில், 1950ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அரச பாதுகாப்பு அமைச்சு நிறுவப்பட்டது. 'ஸ்டாசி' என மக்களால் சுருக்கி அழைக்கப்பட்ட இவ்வமைச்சில் 1989இல் ஏறத்தாழ 91,000 முழுநேர உத்தியோகத்தர் கடமையாற்றினர். இவர்களுக்குப் புறம்பாக, 1,70,000க்கு மேற்பட்டோர் இரகசியத் தகவலாளிகளாக இருந்தனர். அயலவரும், உடன் தொழில் புரிவோரும், சிலவேளைகளில் உறவினருமே இப்பணியில் ஈடுபட்டனர். கடிதங்கள் பிரித்து வாசிக்கப்பட்டன. தொலைபேசி உரையாடல்கள் ஒட்டுக்கேட்கப்பட்டன. இவ்வாறு குவிந்த ஆவணங்களை வரிசையாக அடுக்கினால் அவை ஏறத்தாழ 111 கிலோமீற்றர் நீளத்துக்கு அமையும்.

1989 நவம்பர் 9ஆந் திகதி பேர்லின் சுவர் திறக்கப்பட்டது. கோவைகள் அழிக்கப்படுகின்றன என்பதை உணர்ந்த பொதுமக்கள், டிசம்பர் 4ஆந் திகதி எர்பேர்ட் நகரிலிருந்த ஸ்டாசி அலுவலகத்துள் புகுந்து அதனைத் தடுத்தனர். பிற நகரங்களிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1990 ஜனவரி 15ஆந் திகதி பேர்லினிலிருந்த தலைமையகமும் மக்கள் வசமாயிற்று. உத்தியோகத்தர் அவசர அவசரமாகக் கையாற் கிழித்தெறிந்த தாள்கள் மட்டும் 15,000க்கு மேற்பட்ட சாக்குகளில் எஞ்சியிருந்தன.

காப்பாற்றப்பட்ட கோவைகளை என் செய்வது என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. அவை சட்டவிரோதமாகத் திரட்டப்பட்டவை. அவற்றைத் திறந்தால் குடும்பங்கள் சிதையும், பழிவாங்கல்கள் தொடரும். ஆதலால் பூட்டிவைத்தலே நன்று என்றனர் ஒரு சாரார். தம் வாழ்வு எவ்வாறு சிதைக்கப்பட்டது என்பதை அறியாமல் மக்கள் விடுதலை பெற்றவராகார் என்றனர் மறு சாரார். 1990 ஓகஸ்ட் மாதத்தில் கிழக்கு ஜேர்மன் பாராளுமன்றம் கோவைகளைத் திறப்பதற்கு வழிகோலும் சட்டமொன்றை நிறைவேற்றியது. எனினும், இரு ஜேர்மனிகளினதும் இணைப்பு ஒப்பந்தத்தில் அச்சட்டத்துக்கு இடமளிக்கப்படாமை கண்டு, செப்டெம்பரில் குடியுரிமைப் போராளிகள் தலைமையகத்தின் ஒரு பகுதியை மீண்டும் கைப்பற்றி உண்ணாவிரதம் இருந்தனர். இதன் விளைவாக ஒப்பந்தம் விரிவாக்கப்பட்டது. கோவைகளின் பொறுப்பு, பின்னாளில் ஜேர்மனியின் சனாதிபதியாகிய யோவாக்கிம் கௌக் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1991 டிசம்பரில் ஸ்டாசி ஆவணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1992 ஜனவரி 2ஆந் திகதி முதல் மக்கள் தத்தம் கோவைகளை வாசிக்கலாயினர்.

இச்சட்டத்தின் தனித்தன்மை ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. சுவடிக்கூட மரபில், ஓர் ஆவணம் திறக்கப்பட்டது அல்லது மூடப்பட்டது என்பதே பெரும்பாலும் பாகுபாடாகும். இச்சட்டமோ ஆவணத்தையன்றி, அதனுள் இடம்பெற்ற மனிதரையே பாகுபடுத்தியது. உளவு பார்க்கப்பட்டோர், உளவு பார்த்தோர், உளவினால் நன்மை பெற்றோர், இடையே பெயர் குறிப்பிடப்பட்ட மூன்றாமவர் என நால்வகையினருக்கும் வெவ்வேறு உரிமைகள் வகுக்கப்பட்டன. பாதிக்கப்பட்டவர் தம் கோவையை வாசிக்கலாம். தம்மைக் காட்டிக்கொடுத்த தகவலாளியின் உண்மைப் பெயரையும் அறியலாம். மூன்றாமவர் பற்றிய செய்திகள் அவருக்குக் கறுப்பு மையால் மறைத்துத் தரப்படும். ஆராய்ச்சியாளரும் பத்திரிகையாளரும் பாதிக்கப்பட்டோரின் அந்தரங்கச் செய்திகளை அவர்தம் சம்மதமின்றிப் பெறுதல் இயலாது. சுருங்கக் கூறின், அந்தரங்கம் என்னும் கேடயம் கண்காணிக்கப்பட்டவனுக்கே வழங்கப்பட்டது. கண்காணித்தவன் அதன் பின்னால் ஒளிந்துகொள்ள இடமளிக்கப்படவில்லை.

இதற்கான சட்டக் கோட்பாடு மேற்கு ஜேர்மனியிலேயே முன்னர் உருவாகியிருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. 1983 டிசம்பரில் குடிசனமதிப்புப் பற்றிய வழக்கில், தன்னைப் பற்றிய தகவல்கள் எவ்வாறு பயன்படல் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தனிமனிதனுக்கு உண்டு என அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இந்நோக்கில், தன் கோவையை வாசித்தல் அந்தரங்கத்துக்கு முரணானதன்று. பறிக்கப்பட்ட அந்தரங்கத்தை மீட்டெடுத்தலே அதுவாகும்.

எனினும், வகுத்த எல்லை எளிதில் நிலைபெறவில்லை. பாராளுமன்ற உறுப்பினராயிருந்த வேரா வொலன்பேர்கர் என்பார், தம்மைப் பற்றித் தகவல் அளித்தவர் தம் கணவரே என அறிய நேர்ந்தது. அறியும் உரிமைக்கு மனிதர் கொடுத்த விலை இத்தகையது. வேறொரு சிக்கலும் இருந்தது. பாதிக்கப்பட்டோர் தம் பெயரை ஆவணங்களிலிருந்து நீக்குமாறு கோரலாம் என மூலச் சட்டம் ஏற்பாடு செய்திருந்தது. வரலாற்றுச் சான்று அழியும் என்ற அச்சத்தினால் அவ்வேற்பாடு பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, நடைமுறைக்கு வராமலே 2002இல் நீக்கப்பட்டது.

முன்னாள் அரசாங்கத் தலைவர் ஹெல்மூட் கோலின் வழக்கு இதனினும் நுட்பமானது. அவரைப் பற்றிய கோவைகளைப் பொதுப்பணி வகித்தவரின் ஆவணங்கள் என்ற வகையில் வெளியிடலாமென ஆவண அலுவலகம் கருதிற்று. அவரும் உளவு பார்க்கப்பட்டவரே என ஏற்ற நிர்வாக நீதிமன்றம், 2002இல் அவரது சம்மதமின்றி அவற்றை வெளியிடலாகாது எனத் தீர்ப்பளித்தது. சட்டம் திருத்தப்பட்ட பின்னர், 2004இல் அந்நீதிமன்றமே கட்டுப்பாடுகளுடன் ஆராய்ச்சிக்கு வழிவிட்டது. ஆயினும் ஒட்டுக்கேட்டுப் பெற்ற உரையாடல்களுக்குப் பாதுகாப்புத் தொடர்ந்தது. பதவியில் இருப்பவனது செயல் பொதுவுடைமை; திருட்டுத்தனமாகக் கேட்கப்பட்ட அவனது பேச்சு பொதுவுடைமை ஆகாது என்பதே இதன் சாரம்.

2021 ஜூன் மாதத்தில் இக்கோவைகள் ஜேர்மன் கூட்டாட்சிச் சுவடிக்கூடத்துடன் இணைக்கப்பட்டன. அதுவரையில் 30 இலட்சத்துக்கு மேற்பட்ட தனியார் விண்ணப்பங்கள் கிடைத்திருந்தன. அஞ்சப்பட்டவாறு வன்முறைப் பழிவாங்கல்கள் பரவவில்லை.

அறியும் உரிமையும் அந்தரங்க உரிமையும் ஒன்று உயர மற்றது தாழும் துலாத்தட்டுகள் எனக் கருதுதல் வழக்கம். ஜேர்மனியின் அனுபவம் அக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றது. ஆவணத்தைத் திறப்பதா மூடுவதா என்று வினவுமுன், யாருடைய இரகசியம் யாரிடமிருந்து காக்கப்படுகின்றது என வினவுதல் வேண்டும். குடிமகனின் இரகசியத்தைக் காப்பது நீதி; அவன் பெயரால் அரசு தன் இரகசியத்தைக் காப்பது நீதியாகாது.